மூடியிருக்கு

ஜூன் 14, செவ்வாய்

இது என் ஜெபக் கணக்கு நோட்டு. முன்பக்கத்திலிருந்து மூன்று பத்தி போட்டு எழுதி வருகிறேன். என்ன கேட்டோம், கேட்ட தேதி, பதில் வந்த தேதி. கல்யாணமாகித் திசையன்விளைக்கு வந்த வருஷம் தொடங்கியது. இன்றைக்கு எழுதவேண்டியது அந்தப் பத்திகளுக்குள் அடங்காது. நோட்டைத் திருப்பிப் பிடித்துக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

காலையில் நானும் இவரும் திருநெல்வேலிக்கு ஸ்கேன் எடுக்கப் போனோம். இருபது வாரம். ஸ்கேன் பார்த்தது நூர்ஜகான் டாக்டரம்மா. முதலில் பேசிக்கொண்டே பார்த்தார்கள். இது தலை, இது கை, இதயம் நல்லா அடிக்குது என்று. பிறகு பேச்சு நின்றது. வயிற்றில் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். அந்த அறையில் சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிஷம் வேகமாக ஓடுகிறது.

வெளியே உட்காரவைத்துச் சொன்னார்கள். "முதுகெலும்பு கீழ்ப்பக்கத்துல சேராம விட்டிருக்கும்மா. அந்த இடத்துல நரம்பு ஒரு சின்னப் பை மாதிரி வெளிய வந்திருக்கு. ஸ்பைனா பிஃபிடான்னு பேரு. யாரும் ஏதும் செஞ்சதால வந்ததில்ல."

பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னேன். எழுதித் தந்தார்கள். ஒட்டியிருக்கிறேன்.

"நடப்பானா டாக்டர்?" என்று இவர் கேட்டார்.

"இப்ப சொல்ல முடியாது. நடக்கலாம், தாங்கி நடக்கலாம், நடக்காமலும் இருக்கலாம். ஒண்ணுக்குப் போறதுல சிரமம் இருக்கும். தலையில தண்ணி சேர்ந்தா அதுக்கொரு ஆபரேஷன். வேண்டாம்னு நினைச்சா இருபத்திநாலு வாரத்துக்குள்ள சொல்லணும். வேணும்னா மதுரையில ஒரு டாக்டர் இருக்காரு, எழுதித் தாரேன்."

இருபத்திநாலு வாரம் என்றால் ஜூலை 12. பஸ்ஸில் வரும்போது விரல்விட்டு எண்ணினேன். இவர் நாங்குநேரியில் இறங்கிக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். தின்றேன். வந்து முருங்கைக்கீரை உருவினேன். இரண்டு கட்டு. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.


ஜூன் 15, புதன்

இட்லிக்கு ஊறப்போட்டேன். அரிசி நாலு, உளுந்து ஒன்று.

தெபோரா மைனி வந்தார்கள். இவருக்கு மூத்த அக்கா. தாயில்லாமல் இவரை வளர்த்தவர்கள். பக்கத்துத் தெருவில் தையல் மெஷின் போட்டிருக்கிறார்கள். சபையில் பெண்கள் ஜெபக் குழுவை நடத்துவதும் அவர்கள்தான். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். தேதி கிழிக்கிற காலண்டரில் வசனத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்துத்தான் எனக்கு வாசிப்பு வந்தது. சபையில் நாலு பேர் முன்னால் வாசிக்கவைத்தது மைனிதான்.

நேற்றுச் சொன்னதை இவர் சொன்னார். பாதி சொல்லும்போதே மைனி கையைக் காட்டினார்கள்.

"நிறுத்துல. எட்டு வருசம் நம்ம சபையே முழங்கால் போட்டுக் கேட்ட பிள்ள இது. கர்த்தர் குடுத்ததுல குறை இருக்குமா? தச்சுக் குடுத்த சட்டையில பட்டன் இல்லன்னா என் பேரு கெட்டுப்போவும். அவரு பேரு கெடும்படி விடுவாரா?"

"ஸ்கேன்ல தெரிஞ்சுதுக்கா."

"ஸ்கேன்ல தெரிஞ்சது ஸ்கேனோட போவட்டும். என்னட்டி எப்சிபா, மூஞ்சிய ரேசன் அரிசி மாதிரி வச்சிருக்க? நோட்ட எடு. எழுது."

எழுதினேன். முன்பக்கம், வரிசை 212. பிள்ளையின் முதுகு. 15.6. மூன்றாம் பத்தி காலி.


ஜூன் 17, வெள்ளி

உபவாச ஜெபம். பதினான்கு பேர். மைனி தரையில் குப்புற விழுந்து அழுதார்கள். நான் அழவில்லை. பாய்களைச் சுருட்டி வைத்தேன்.


ஜூன் 30, வியாழன்

மதுரைக்குப் போய் வந்தோம். மைனியிடம் இவர், கமிஷன் கடை முதலாளி வீட்டில் சாவு, துட்டிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார். முருங்கைக்காய் எடை போடுகிற கடையில்தான் இவருக்கு வேலை. முதலாளி நன்றாக இருக்கிறார்.

டாக்டர் சின்ன வயது. பெயர் முகுந்தன். அவர் சொன்னதை வரிசையாக எழுதிக்கொண்டேன். பிள்ளை இந்த ஆஸ்பத்திரியில்தான் பிறக்கவேண்டும். வயிற்றைக் கீறித்தான் எடுக்கவேண்டும், பிரசவத்தில் நெருக்கினால் பை கிழியும். பிறந்து இரண்டு நாளைக்குள் முதுகைத் தைக்கவேண்டும். தள்ளிப்போட்டால் நரம்பில் கிருமி ஏறிப் பிள்ளை போய்விடும். வேறு ஊரில் பிறந்து ஆம்புலன்ஸில் கொண்டுவரலாம் என்று இருக்கவேண்டாம். முப்பத்திநாலு வாரத்தில் ஃபைலோடு வந்தால் தேதி குறிப்பார்.

"வேண்டாம்னு முடிவு பண்றதும் உங்க உரிமை. நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மேஜைமேல் பிளாஸ்டிக்கில் ஒரு முதுகெலும்பு இருந்தது. இவர் அதன் கணுக்களை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார்.


ஜூலை 5, செவ்வாய்

சிலிண்டர் மாற்றியது. போன தடவை மாற்றியது மே 21.


ஜூலை 11, திங்கள்

சாப்பிடும்போது இவர், "நாளைக்கு" என்றார். பிறகு, "நாளைக்குக் கடையில லோடு இருக்கு" என்றார். தேங்காய்த் துவையல் இன்னும் கொஞ்சம் வைத்தேன்.


ஜூலை 12, செவ்வாய்

இருபத்திநாலு வாரம். போர்வை துவைத்தேன். யாரும் எங்கும் போகவில்லை.


ஜூலை 13, புதன்

காலையில் அது முதல்முறையாகப் பலமாக உதைத்தது. வலதுபக்கம், விலாவுக்குக் கீழே. இவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து வைத்தேன். சட்டைப் பட்டன் போடாமல் அப்படியே நின்றார். "காலா கையா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். கடைக்குப் போக நேரமாகிவிட்டது.


ஆகஸ்ட் 9, செவ்வாய்

இன்று நடந்ததைச் சரியாக எழுதவேண்டும்.

இருபத்தெட்டாம் வார ஸ்கேன். இவரும் உள்ளே வந்தார். நூர்ஜகான் அம்மா பார்த்துக்கொண்டே சொன்னார்கள். "தலையில தண்ணி கூடல, அது நல்லது. பை அப்படியேதான் இருக்கு. மேல ஜவ்வு மூடியிருக்கு."

நான் நோட்டை எடுத்தேன். மூடியிருக்கு என்றால் என்ன டாக்டர் என்று கேட்டேன். அவர்கள் எழுந்து, தண்ணீர் குடிக்கிற டம்ளரை எடுத்து அதன்மேல் கைக்குட்டையை விரித்தார்கள். "இப்ப டம்ளர் மூடியிருக்கா? மூடியிருக்கு. ஆனா துணிய எடுத்தா வாய் திறந்துதானே இருக்கு? அப்படித்தான். எலும்பு சேரல. சேராது. அந்த ஜவ்வு கிழியாம பிறக்கணும், அதுக்குத்தான் மதுரை."

இவர் டம்ளரை வாங்கிப் பார்த்தார். "துணிய விட மெல்லிசா இருக்குமா?" என்று கேட்டார். "வெங்காயத் தோல் மாதிரி" என்றார்கள்.

வெளியே டீக்கடையில் நிற்கும்போது மைனி போன் செய்தார்கள். இவர் பேசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"பாத்தாச்சுக்கா. தலையில தண்ணி கூடலயாம். முதுகு... மூடியிருக்காம்."

அந்தப் பக்கம் மைனி போட்ட சத்தம் எனக்கே கேட்டது. ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று. இவர் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். பாக்கியைச் சொல்லவில்லை. சிக்னல் இல்லை போல.

ஊர் வந்து சேர்வதற்குள் வீட்டுக்கு முன்னால் செருப்புகள். பதினோரு பேர். மைனி என்னைக் கட்டிக்கொண்டு, "மூடிட்டாரு பிள்ள! நம்ம கேட்ட மாதிரியே மூடிட்டாரு!" என்று அழுதார்கள். மைனியின் கழுத்தில் மெஷின் எண்ணெய் வாசனை. எல்லாரும் பாடினார்கள். நான் பால் காய்ச்சி டீ போட்டேன். பதினோரு டம்ளர். எதிலும் துணி போடவில்லை.

சொல்லியிருக்கலாம். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

போகும்போது மைனி நோட்டைக் கேட்டு வாங்கி, முன்பக்கம், வரிசை 212, மூன்றாம் பத்தியில் சிவப்பு மையால் 9.8 என்று எழுதினார்கள். இந்த நோட்டில் வேறு கை எழுதியது இது ஒன்றுதான்.


ஆகஸ்ட் 14, ஞாயிறு

ஆராதனையில் சாட்சி நேரம். எங்கள் சபையில், சுகம் கிடைத்தவர்கள் முக்காட்டோடு எழுந்து நின்று சொல்லவேண்டும். பாஸ்டர் ஐயா என்னைப் பார்த்தார். நான் எழவில்லை. மைனி எழுந்தார்கள்.

"பிள்ளைக்கு முதுகுல ஓட்டைன்னு டாக்டர் சொன்னா. அழிச்சுருன்னு கூடச் சொன்னா. நாங்க கேக்கல. போன செவ்வா ஸ்கேன்ல அவளே சொல்லிட்டா, மூடியிருக்குன்னு!"

கைதட்டல் ஓட்டுக்கூரையில் மழை மாதிரி விழுந்தது. அழிச்சுரு என்று அந்த அம்மா சொல்லவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

பிறகு மைனி என் பையிலிருந்து ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துக்கொண்டுபோய்ப் பிரசங்க மேடையில் வைத்தார்கள். பாஸ்டர் ஐயா அதன்மேல் கைவைத்து ஜெபித்தார். ஃபைல் இப்போது சபை பீரோவில் இருக்கிறது. சாட்சிக்கு.


ஆகஸ்ட் 15, திங்கள்

நூர்ஜகான் அம்மா மதுரைக்கு எழுதித் தந்த சீட்டை மைனி ஃபைலில் பார்த்திருக்கிறார்கள். "இனி எதுக்கு மதுர? நம்ம ஸ்டெல்லா நர்ஸ் இருக்கா, இங்கயே சுகப்பிரசவம் ஆவும். வயித்தக் கீறினா அது அவிசுவாசம்" என்று மைனி சொன்னார்கள். குழந்தைக்கு ஏழு சட்டை வெட்டிவிட்டார்கள். முதுகுப்பக்கம் முடிச்சுப் போடுகிற மாதிரி.

இவர் சரிக்கா என்றார்.


ஆகஸ்ட் 27, சனி

மாவு புளித்துவிட்டது. தோசை ஊற்றினேன். ஒன்பது.


செப்டம்பர் 6, செவ்வாய்

முப்பத்திரண்டு வாரம். ஒருநாளைக்குப் பத்து அசைவு இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்று இருபத்தாறு. எல்லாம் மேல்பக்கம். கீழே எப்போதாவது, மீன் திரும்புகிற மாதிரி.

ஜெபம் செய்ய முட்டி போட்டேன். வந்த பதிலுக்கு நன்றி சொல்லவா, வராத பதிலைத் திரும்பக் கேட்கவா என்று தெரியவில்லை. அப்படியே எழுந்துவிட்டேன். எழும்போது கட்டிலைப் பிடிக்கவேண்டியிருக்கிறது.


செப்டம்பர் 17, சனி

பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். ஐயா முன்னால் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இன்னும் பேச்சை நின்றுகொண்டேதான் பேசுவார். ஃபைல் வேண்டும் என்றேன்.

"எதுக்கு மகளே?"

"செவ்வாய்க்கிழம மதுரைக்குப் போணும் ஐயா. ஆபரேசனுக்குத் தேதி வாங்க."

"அதான் மூடியிருக்குல்லா?"

டம்ளரும் கைக்குட்டையும் சொன்னேன். இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்க என்னக் கேக்கலியே ஐயா."

"நூத்திப்பத்துப் பேரு கைதட்டியிருக்காவ மகளே. இப்ப நான் எழும்பிச் சொன்னா பாஸ்டருக்கே விசுவாசம் இல்லம்பாவ. தெபோராளச் சொல்லச் சொன்னா அவ உடஞ்சிருவா." நெற்றியைத் தேய்த்தார். "என்ன செய்யலாம்?"

"எனக்கு ஃபைல் குடுங்க போதும்."

பாஸ்டரம்மா அதற்குள் பீரோவைத் திறந்து எடுத்து வந்துவிட்டார்கள். "புடி. பஸ்ல சன்னலோரமா இரு, வாந்தி வராது" என்றார்கள். ஐயா வாசல்வரை வந்தார். "உங்க பிள்ள மகளே. சொல்லுததுன்னா நீங்கதான் சொல்லணும்" என்றார். அவருக்குக் கோபம் இல்லை. பயந்திருந்தார் என்று நினைக்கிறேன்.


செப்டம்பர் 20, செவ்வாய்

இவர் கடையில் லோடு என்றார். நான் தனியாகப் போனேன். நாலரை மணி நேரம். சன்னலோர இடம் கிடைத்தது.

அக்டோபர் 12, புதன்கிழமை, காலை. முந்தினநாளே வந்து சேரவேண்டும். புருஷன் வந்து கையெழுத்துப் போடவேண்டும். பிள்ளை ஆபரேஷனுக்கு ரத்தம் ஏற்பாடு செய்யவேண்டும். ஒரு மாதம் மதுரையில் தங்க நேரிடலாம். "வீட்டுக்காரர் வரலியா?" என்று டாக்டர் கேட்டார். லோடு என்றேன்.

திரும்பி வந்து இவரிடம் தேதியைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அக்காட்ட எப்படிச் சொல்ல?"

"போன்ல சொன்ன மாதிரிதான்."

அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. இவர் முகம் சுருங்கிவிட்டது.

"அன்னைக்கு முழுசாச் சொல்லத்தான் வாயத் தொறந்தேன் பிள்ள. அவ அழுதா. எங்கம்மா செத்தன்னைக்குக் கூட அவ அழல, எனக்குச் சோறு ஊட்டிட்டு இருந்தா. சந்தோசத்துல அழுதா. நான் எப்படி..." பிறகு மெதுவாக, "ஒருவேள மூடியிருந்தா? இங்கயே பாப்பமா?" என்றார்.

இவருக்குத் தெரியும். டம்ளரை இவரும் கையில் வாங்கிப் பார்த்தார். கடையில் தராசு முள் நிற்கிற இடத்தைச் சொல்கிறவர், கூட்டியும் சொல்லமாட்டார், குறைத்தும் சொல்லமாட்டார்.

பாத்திரம் கழுவினேன். இவர் வராவிட்டால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாவிட்டால் பிள்ளை ஸ்டெல்லா நர்ஸ் கையில் பிறக்கும்.


செப்டம்பர் 25, ஞாயிறு

மைனி ஏழாவது சட்டையையும் முடித்துவிட்டார்கள். மஞ்சள். "ஒன் பிள்ள நடந்து வந்து பாட்டுப் பாடுத அன்னைக்கு நான் இந்தத் தெருவே கேக்க விசில் அடிப்பேன் பாரு" என்றார்கள். மைனிக்கு விசில் அடிக்கத் தெரியும். சின்ன வயதில் இவரைத் தெருவிலிருந்து கூப்பிட அப்படித்தானாம்.

நானும் சிரித்தேன்.


செப்டம்பர் 28, புதன்

இவரிடம் மறுபடி கேட்டேன். "பாப்போம்" என்றார். பதினான்கு நாள் இருக்கிறது.


அக்டோபர் 2, ஞாயிறு

சாட்சி நேரத்தில் எழுந்தேன். யாரும் கூப்பிடவில்லை. முக்காட்டைச் சரிசெய்ய நேரம் பிடித்தது. சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டாமல் குறைக்காமல்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என் பிள்ளைக்கு முதுகு சேரல. மூடியிருக்குன்னா மேல ஒரு ஜவ்வு மூடியிருக்கு, அவ்வளவுதான். ஆகஸ்ட் ஒம்பதாந் தேதியே எனக்குத் தெரியும். நான் சொல்லாம இருந்தது எம்மேல தப்பு. பன்னெண்டாந் தேதி மதுரையில வயித்தக் கீறி எடுக்காவ. மறுநா பிள்ளைக்கு முதுகத் தைக்காவ. தைக்காட்டா பிள்ள பொழைக்காது. தைச்சாலும் நடக்குமான்னு தெரியாது. அந்தப் பிள்ளைக்காக ஜெபம் பண்ணுங்க. சுகமான பிள்ளைக்கில்ல. இந்தப் பிள்ளைக்கு."

யாரும் ஆமென் சொல்லவில்லை. சாட்சி முடிந்தால் ஆமென் சொல்வது வழக்கம். மின்விசிறி கிடுகிடுவென்று சுற்றியது. பின்னால் ஒரு பொம்பிளை, "அப்ப தெபோரா சொன்னது?" என்றாள். மைனி என் பக்கத்தில்தான் இருந்தார்கள். அவர்கள் கை பாயில் ஊன்றியிருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

உட்காரலாமா என்று தெரியாமல் நின்றேன்.

அப்போது ஆண்கள் பக்கம் இவர் எழுந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று எல்லாரும் திரும்பினார்கள். ஒன்றும் சொல்லவில்லை. உட்காரவும் இல்லை. சட்டைக் காலரைப் பிடித்தபடி நின்றார். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். பாஸ்டர் ஐயா தொண்டையைச் செருமி, "ஜெபிப்போம்" என்றார்.

வரும் வழியில் மைனி எங்களுக்கு முன்னால் வேகமாகப் போனார்கள். வாசலில் நின்று திரும்பினார்கள். "என்ன நூறு பேரு முன்னால பொய்க்காரியாக்கிட்டியளே. ரெண்டு பேரும். ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த எங்காதுல சொல்லியிருந்தா..."

"நான்தாங்க்கா" என்றார் இவர். "அவ இல்ல. போன்ல சொன்னது நான். தெரிஞ்சுதான் சொன்னேன்."

மைனி இவரை அடித்தார்கள். முதுகில், சின்னப் பிள்ளையை அடிக்கிற மாதிரி, திறந்த கையால். மூன்று அடி. பிறகு போய்விட்டார்கள்.

மத்தியானம் ரசமும் அப்பளமும். இவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "பதினொண்ணாந் தேதி எத்தன மணி பஸ்ஸு?" என்று கேட்டார்.


அக்டோபர் 5, புதன்

முன்பக்கம் வரிசை 212, மூன்றாம் பத்தியில் இருந்த சிவப்புத் தேதியை ஒரே கோடு போட்டு அடித்தேன். அடித்த கை என்னுடையது.


அக்டோபர் 8, சனி

மெஷின் சத்தம் ஒரு வாரமாகக் கேட்கவில்லை.


அக்டோபர் 10, திங்கள்

பை கட்டினேன். பழைய நூல் சேலைத் துண்டுகள் பன்னிரண்டு, பாவாடை நான்கு, மைனி தைத்த சட்டை ஏழு, ஃபைல், சோப்பு, சீப்பு, நோட்டு, பேனா இரண்டு.

சாயங்காலம் மைனி வந்தார்கள். என்னிடம் பேசவில்லை. பையைத் திறந்து ஏழு சட்டைகளையும் வெளியே எடுத்தார்கள். எடுத்துக்கொண்டு போகத்தான் வந்தார்கள் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்து, பிளேடால் முதுகுப்பக்க முடிச்சு நாடாவை எல்லாம் பிரித்தார்கள். எல்லாவற்றையும் முன்பக்கம் மாற்றிக் கையால் தைத்தார்கள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான் டீ வைத்தேன். ஆறிப்போனதையே குடித்தார்கள்.

"புண்ணு மேல முடிச்சு உறுத்துமுல்லா" என்றார்கள், ஊசியைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு யாரு சொன்னா? நானாத்தான் யோசிச்சுக் கண்டுபுடிக்க வேண்டியிருக்கு இந்த வீட்டுல."

"மைனி..."

"பேசாத. நான் இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்கேன் அவருட்ட. நீ ஆஸ்பத்திரிக்குப் போ, கீறு, தைய்யி. நான் கேக்குதத நிறுத்த மாட்டேன். என் வாயி, நான் கேப்பேன்."

சரி மைனி என்றேன்.


அக்டோபர் 12, புதன்

பெண் பிள்ளை. 9.42. இரண்டு கிலோ எழுநூறு.

இது இவர் எழுதியது. நான் சொல்லச் சொல்ல.


அக்டோபர் 13, வியாழன்

எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இன்னும் சரியாக வரவில்லை. நேற்று அழுகைச் சத்தம் கேட்டது. திரைக்கு அந்தப் பக்கமாகவே துணியில் பொதிந்து கொண்டுபோய்விட்டார்கள். இன்று காலை ஏழே காலுக்கு ஆபரேஷனுக்கு எடுத்தார்கள். பதினொன்றே முக்காலுக்கு முகுந்தன் டாக்டர் வந்து தைத்தாயிற்று, மூச்சு நன்றாக இருக்கிறது என்றார். கால்களைப் பற்றிக் கேட்டேன். "இடுப்பு வேலை செய்யுது. முட்டி பரவாயில்ல. பாதம் தெரியல. தலையில தண்ணி சேருதான்னு தினமும் பாக்கணும்" என்றார். எழுதிக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒருத்திக்கு ஆண் பிள்ளை. அவள் புருஷன் எல்லாருக்கும் ஜாங்கிரி கொடுத்தான். எனக்கும் கொடுத்தான். "உங்களுக்கு என்ன பிள்ளைக்கா?" என்று கேட்டான். பெண் என்றேன். "எங்க?" என்றான். கீழ்மாடியைக் காட்டினேன். ஜாங்கிரியைத் தின்றேன்.


அக்டோபர் 14, வெள்ளி

நாலரை மணிக்குச் சக்கர நாற்காலியில் வைத்துக் கீழே கொண்டுவந்தார்கள். கை கழுவி, மேலங்கி போட்டு, தலையில் தொப்பி மாட்டிவிட்டார்கள். இதை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நோட்டை உள்ளே விடமாட்டேன் என்று சிஸ்டர் சொன்னாள். அட்டையை மருந்தால் துடைத்து, மடியில் வைத்துக்கொள்ள விட்டுவிட்டாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கவிழ்த்துப் படுக்கவைத்திருக்கிறார்கள். முதுகு ஆறும்வரை மல்லாத்தக்கூடாது, மடியில் போடக்கூடாது, தூக்கக்கூடாது. பாலைப் பீச்சிக் கொடுத்தால் குழாய் வழியாகக் கொடுப்பார்கள். அட்டையில் பெயர் எழுதவேண்டிய இடத்தில், எப்சிபா குழந்தை என்று இருக்கிறது.

எனக்குத் தெரிகிறது: பின்தலை, முடி நிறைய. வலது காது. முதுகில் வெள்ளைக் கட்டு, என் உள்ளங்கை அளவு. இரண்டு கால்களும் தவளை மாதிரி மடங்கியிருக்கின்றன. இடது தொடை ஒருமுறை அசைந்தது. பாதம் இரண்டும் அசையவில்லை. பாதம் மிகவும் சின்னது. விரல்கள் பத்தும் இருக்கின்றன.

முகம் அந்தப் பக்கம் இருக்கிறது.

அந்தப் பக்கம் போகலாமா என்று கேட்டேன். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்தான், நாற்காலி நுழையாது. நிற்க இன்னும் விடமாட்டார்கள். அங்கே இவர் நிற்கிறார், தொப்பியோடு, குனிந்து.

"முழிச்சிருக்கா பிள்ள" என்றார். "என்னையே பாக்கா."

"யாரு மாதிரி இருக்கா?"

ரொம்ப நேரம் பார்த்தார். "தெரியல. கோவமா இருக்கா. அக்கா மாதிரி."

மைனி காலையில் பஸ்ஸில் வந்தார்கள், வெளியே வராந்தாவில் இருக்கிறார்கள். உள்ளே ஒருவரைத்தான் கூட விடுவார்கள் என்று சொன்னதும், "நீ போ. நான் இங்க இருந்தே கேக்கேன். அவருக்குக் கண்ணாடி தடையா?" என்று இவரைத் தள்ளிவிட்டார்கள்.

தலையைத் திருப்பி வைக்கமுடியுமா என்று சிஸ்டரிடம் கேட்டேன். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கத்தான்மா திருப்புவோம். நாலு மணிக்குத்தான் திருப்பினேன். இனி ஆறுக்கு" என்றாள். "மேல போய் படுங்க, தையல் வலிக்கும். நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள்.

இருக்கிறேன் என்றேன்.

ஐந்து பத்துக்கு வலி அதிகமாகி மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து முப்பதுக்கு இவர், தூங்கிவிட்டாள் என்றார். ஐந்து முப்பத்தேழுக்கு, முழித்துவிட்டாள் என்றார்.

ஐந்து நாற்பத்தைந்து. எட்டு வருஷத்தில் எத்தனையோ பேர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கப் போயிருக்கிறேன். பார்த்தவுடன் என்ன சொல்வது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஐந்து ஐம்பத்திரண்டு. சிஸ்டர் கை கழுவப் போகிறாள்.